சாரதியில்லா வண்டிகளும் சாலை நெரிசலும்: ஒரு பாவனைக் கணக்கு

நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் மோட்டார் வண்டிகள் யாதொரு காரணமும் புலப்படாமலே தயங்கி, ஊர்ந்து, முற்றும் நின்று, பின்னர்ச் சிறிது நேரத்தில் மீண்டும் ஓடத் தொடங்குவதை நம்மிற் பலர் கண்டிருத்தல் கூடும். முன்னே விபத்து ஏதேனும் நேர்ந்திருக்கும், அல்லது பாலம் பழுதுபார்க்கப்படுகின்றது போலும் என்று எண்ணிக்கொண்டே செல்வோம். அவ்விடத்தை அடைந்து பார்த்தாலோ அங்கு ஒன்றும் இராது. இதனைக் காரணமில்லா நெரிசல் என்று ஈண்டு வழங்குவோம்.

இத்தகைய நெரிசலை ஜப்பான் தேசத்து ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு மைதானத்திலேயே உண்டாக்கிக் காட்டி, 2008-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதை ஒன்றில் 22 வண்டிகள் விடப்பட்டன. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், முன் வண்டியோடு மோதாமல் செல்லவேண்டும் என்பதொன்றே சாரதிகளுக்கு இடப்பட்ட கட்டளை. பாதையில் மேடு பள்ளம் இல்லை. குறுக்குச் சாலை இல்லை. விளக்குக் கம்பமும் இல்லை. சிறிது நேரம் யாவும் ஒழுங்காய் ஓடின. பின்னர் ஒருவர் சற்றே வேகங் குறைக்க, அவர் பின் வந்தவர் அதனினும் சற்று மிகுதியாகக் குறைக்க, முடிவில் சில வண்டிகள் நின்றேவிட்டன. அந்நிறுத்தம் வண்டிகள் செல்லுந் திசைக்கு எதிராக, மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்து, அலைபோல் வட்டத்தைச் சுற்றி வந்தது. வண்டிகளெல்லாம் முன்னே செல்ல, நெரிசல் மட்டும் பின்னே செல்லும் இவ்விந்தையே நமது கட்டுரையின் தொடக்கம்.

இப்பொழுது எழும் வினா இது. தயங்குதல், கவனம் பிசகுதல், அஞ்சி மிகுதியாகத் தடை பிடித்தல் ஆகிய இவையெல்லாம் மனிதர்க்கு இயல்பு. மனிதச் சாரதியை நீக்கி, யந்திரமே வண்டியை ஓட்டுமாயின் நெரிசல் நீங்குமா? ஐக்கிய அமெரிக்க நாட்டின் பீனிக்ஸ் நகர்ப்புறத்தில் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதலே சாரதியில்லா வாடகை வண்டிகள் பொதுமக்களை ஏற்றிச் செல்லத் தொடங்கின. எனினும் ஒரு பெருநகரத்தின் வண்டிகளுட் பாதியோ முழுமையோ அத்தகையனவாக மாறிய நிலையை இதுகாறும் எவரும் கண்டதில்லை. காணாத ஒன்றைப் பற்றி முன்னறிந்து சொல்ல வேண்டுமாயின், அதனைப் பாவனையாக நடத்திப் பார்த்தலன்றி வேறு வழியில்லை. கணினியினுள் ஒரு சாலையை அமைத்து, வண்டிகளை விட்டு, அவற்றுக்குச் சில விதிகளைக் கற்பித்து, நேர்வதை எண்ணிக் காணுதலே பாவனைக் கணக்காகும்.

இத்துறையின் வரலாற்றை விரிக்கப் புகின் இடம் போதாது. 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து லைட்ஹில், விட்டம் என்னும் கணித வல்லுநர் இருவர், நீண்ட ஆற்றில் வெள்ளம் நகர்வதற்கு ஏற்ற சமன்பாடு நெடுஞ்சாலை வண்டிகளுக்கும் ஏற்கும் என்று காட்டினர். அவர்கள் வண்டிகளைத் தனித்தனியே பாராமல் நீர்போற் கருதினர். தனி வண்டியையும் அதன் சாரதியின் குணத்தையும் கணக்கிற் கொண்டு வந்தவை பின்னர் எழுந்த முறைகள். அவற்றுள் மிக எளியதும், நம் மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்கதும், ஜெர்மானிய பௌதிக அறிஞர்களான நாகல், ஷ்ரெக்கன்பெர்க் என்பார் 1992-இல் வெளியிட்ட முறையே. அவர்கள் சாலையை 7.5 மீட்டர் நீளமுள்ள கட்டங்களாகப் பிரித்தனர். நெரிசலில் நிற்கும் ஒரு வண்டி, இடைவெளியோடு சேர்த்துக் கொள்ளும் இடம் அவ்வளவே. காலத்தையும் விநாடி விநாடியாகப் பிரித்தனர். ஒரு விநாடிக்கு 5 கட்டத்திற்கு மேல் எவ்வண்டியும் செல்லலாகாது என்பது அவர்கள் வைத்த எல்லை.

இதற்குக் கணினியும் வேண்டுவதில்லை. ஒரு பெரிய தாளில் வட்டமாக 30 கட்டங்கள் வரைந்துகொள்க. புளியங்கொட்டைகள் 10 எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 வெறுங்கட்டங்கள் இருக்குமாறு வைக்க. ஆறு முகமுள்ள பகடை ஒன்றும் வேண்டும். எண்ணுதல் எளிதாகும் பொருட்டு வேகத்தின் எல்லையை 5 என்னாமல் 2 என்று வைப்போம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கொட்டைக்கும் வேகத்தை இவ்வாறு தீர்மானிக்க. முந்திய வேகத்தோடு 1 கூட்டுக, 2-க்கு மேற் போகாமல். முன்னேயுள்ள வெறுங்கட்டங்கள் அதனினும் குறைவாயின், அக்குறைந்த எண்ணையே வேகமாகக் கொள்க. பின்னர்ப் பகடை உருட்டி, 1 விழுந்தால் வேகத்தில் ஒன்றைக் கழிக்க. இப்பகடையே மனிதச் சாரதியின் தயக்கம். எல்லாக் கொட்டைகளுக்கும் வேகம் முடிவான பின்னரே எல்லாவற்றையும் ஒருங்கே நகர்த்த வேண்டும். ஒவ்வொன்றாக நகர்த்தினாற் கணக்குக் கெடும்.

பகடையை முதலில் ஒதுக்கிவைத்து ஆடிப் பார்ப்போம். 10 கொட்டைகளும் முறைக்கு 2 கட்டமாக, எறும்புச் சாரை போல் ஒழுங்காய்ச் செல்லும். ஒரு முறைக்கு மொத்தம் 20 கட்ட நகர்ச்சி. இனி, ஒரே ஒரு கொட்டையை ஒரே ஒரு முறை தயங்கச் செய்வோம். அது 10-ஆம் கட்டத்தில் நிற்பதாகவும், அதன் பின்னவை 7, 4, 1 ஆகிய கட்டங்களில் நிற்பனவாகவும் கொள்க. தயங்கியது 11-க்கு மட்டுமே செல்லும். மற்றவை 9, 6, 3 ஆகியவற்றை அடையும். அடுத்த முறை முதற் கொட்டை தன் வேகத்தை மீட்டு 13-க்குப் போய்விடும். ஆனால் 9-இல் நின்றதற்கு முன்னே ஒரு வெறுங்கட்டமே இருந்தமையால் அது 10-ஐ மட்டுமே அடையும். அதற்கடுத்த முறை அதுவும் தெளிந்துவிடும்; அதன் பின்னது 8-லிருந்து 9-க்கு மட்டுமே செல்லும். நான்காம் முறை, அதற்கும் பின்னது 7-லிருந்து 8-க்கு. தயக்கம் நேர்ந்த இடம் 11, 10, 9, 8 என்று பின்னோக்கிப் போதலைக் காண்க. ஜப்பானிய மைதானத்தில் உலவிய அலை இதுவே. முதலில் தயங்கியவர் தம் வழியே இன்பமாய்ச் சென்றுவிட்டார். அதன் பயனை அனுபவிப்போர் அவர் முகத்தையும் கண்டிலர்.

ஆட்டத்தை நிறுத்தாமல் தொடர்ந்தால் இன்னும் ஒன்று புலனாகும். அவ்வலை 10 கொட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தீண்டி, வட்டத்தைச் சுற்றி, முதலில் தயங்கிய கொட்டையிடமே திரும்பி வரும், வந்தவுடன் மறைந்துவிடும். ஏன்? அக்கொட்டை தயங்கியபொழுது தன் முன்னே 2-க்குப் பதிலாக 3 வெறுங்கட்டங்களை உண்டாக்கிக்கொண்டது. அவ்வொரு மிகைக் கட்டமே வந்த அலையை விழுங்கிற்று. ஆகவே அலையைப் பரப்புவது இடைவெளியின் குறைவு; அடக்குவது இடைவெளியின் மிகுதி. இவ்வொன்றை மனத்திற் கொண்டாற் போதும், சாரதியில்லா வண்டியைப் பற்றிய ஆராய்ச்சிகளுட் பாதி விளங்கிவிடும்.

இப்பொழுது ஒரு புளியங்கொட்டையைத் தாயம் ஆடுவோர் செய்வது போலக் கல்லில் தேய்த்து வெளுப்பாக்குக. அதுவே நம் சாரதியில்லா வண்டி. அதற்குப் பகடை இல்லை. வட்டத்தில் மொத்தம் 9 கொட்டைகள் மட்டும் இருக்கட்டும். மற்றவற்றின் முன்னே 2 வெறுங்கட்டங்களே. மிஞ்சிய மூன்றையும் வெள்ளைக் கொட்டையின் முன் சேர்த்து, அதற்கு 5 கட்டங்கள் கொடுப்போம். முன்னே சென்ற கொட்டை ஒருமுறை தயங்கினால், வெள்ளைக் கொட்டை தன் வேகத்தைக் குறைக்க வேண்டுவதில்லை. அதன் முன்னுள்ள வெளி மட்டும் 4 ஆகக் குறையும். பின்னே வருவோர்க்கு ஒரு தயக்கம் நேர்ந்ததே தெரியாது. இவ்வாறு மூன்று தயக்கங்களை அது விழுங்கும். நான்காவதை விழுங்க இயலாது. சேமிப்பு தீர்ந்தது.

இது வெறுந் தாளாட்டமன்று. அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்துத் தூசான் நகரில் 2016-ஆம் ஆண்டு, 260 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் ஏறத்தாழ 20 வண்டிகளை ஓடவிட்டனர். ஜப்பானில் நேர்ந்தவாறே அலை எழுந்தது. பின்னர் அவற்றுள் ஒரே ஒரு வண்டியின் வேகத்தை யந்திரத்தின் ஆளுகைக்கு மாற்றினர். அவ்வண்டி முன்வண்டியைத் துரத்திப் பிடிக்க முயலாமல், வட்டத்தின் சராசரி வேகத்திலேயே சென்றது. முன்னே வெளி விரிவதும் சுருங்குவதும் கண்டு கலங்கவில்லை. அலை அடங்கிற்று. மொத்த எரிபொருட் செலவும் 100-க்கு 40 வரை குறைந்ததென அறிவித்தனர். இருபது பேருள் ஒருவர் பொறுமையுடையவராயின் மற்றைப் பத்தொன்பதின்மரும் பொறுமையுடையவர் போல் ஆகின்றனர் என்று அமெரிக்க யந்திரம் ஒன்று காட்ட வேண்டியதாயிற்று! 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டென்னசி மாகாணத்து நாஷ்வில் நகரை அடுத்த நெடுஞ்சாலையிலேயே இத்தகைய வண்டிகள் 100 விடப்பட்டு இச்சோதனை பெரிய அளவில் நடைபெற்றது.

ஆயினும் வட்டப் பாதைக்கும் மெய்யான சாலைக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. வட்டத்தில் பக்கத்துத் தடம் இல்லை. மெய்யான சாலையில், பொறுமையுள்ள வண்டி தன் முன்னே வைத்துள்ள வெளியைக் கண்டவுடன் பக்கத்துத் தடத்திலிருந்து ஒருவர் அதனுள் நுழைந்துவிடுவார். நம் ஊராயின் ஓர் ஆட்டோ ரிக்ஷாவும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் நுழையும். அன்றியும் வெளி என்பது இலவசமன்று. அது சாலையின் ஒரு பகுதி. முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடையே 2 விநாடி இருக்க வேண்டுமென்றால், ஒரு தடத்தின் வழியே மணிக்கு 1800 வண்டிகளே செல்ல இயலும். 3600 விநாடியை 2-ஆல் வகுத்தால் வருவது அதுதான். யந்திரம் 1 விநாடியிற் பின்தொடருமாயின் தொகை இரட்டிக்கும். ஆனால் அலையை விழுங்கும் வெளி குறையும். இவ்விரண்டையும் ஒருங்கே பெற வேண்டுமாயின், முன்வண்டி தடை பிடிப்பதைப் பின்வண்டி கண்டறியும் வரை காத்திராமல், முன்வண்டியே வானொலி அலையால் அறிவிக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் ஷ்லடோவர் என்பாரும் அவர் துணைவரும் 2012-இல் வெளியிட்ட பாவனைக் கணக்கின் முடிவும் இதுவே. முன்வண்டியைத் தன் கருவியால் மட்டும் பார்த்துப் பின்தொடரும் வண்டிகளால் தடத்தின் கொள்ளளவு ஏறக்குறைய மாறவில்லை. ஒன்றோடொன்று செய்தி பேசும் வண்டிகளோ, சாலையிலுள்ளன யாவும் அத்தகையனவாயின், அதனை மணிக்கு 2000-லிருந்து ஏறத்தாழ 4000 வரை உயர்த்தின. இரண்டும் யந்திரங்களே, விதிதான் வேறு. சில ஆண்டுகட்குப் பின்னர், கடைகளில் விற்கப்பட்டுவந்த, முன்வண்டிக்கேற்பத் தானே வேகத்தைத் திருத்திக்கொள்ளும் ஏழு வகை வண்டிகளை வேறு ஆராய்ச்சியாளர் சாலையிற் சோதித்தனர். ஏழும் அலையை அடக்காமல் வளர்ப்பனவாகவே காணப்பட்டன. யந்திரமாதலால் நெரிசலை நீக்கும் என்று நம்புவோர் இதனைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

பிரித்தானிய அரசாங்கத்தின் போக்குவரத்து இலாகா 2017-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியிட்ட அறிக்கையும் இவ்வகையில் ஆராயத்தக்கது. பெருஞ்சாலைகளில், நெரிசல் மிகுந்த வேளையில், எல்லா வண்டிகளும் சாரதியில்லாதனவாயின் தாமதம் 100-க்கு 40-க்கு மேல் குறையும் என்பது அதன் பாவனைக் கணக்கு. பத்திரிகைகள் அதனையே பெரிய எழுத்திற் போட்டன. அவ்வண்டிகள் சிறு தொகையினவாய் இருக்குங்காலத்தில் நன்மை சொற்பம் என்பதும், அவை மிகுந்த எச்சரிக்கையோடு ஓட்டும் விதியுடையனவாயின் நெடுஞ்சாலைப் போக்கு முன்னையினும் சற்றுக் கெடலாம் என்பதும் அதே அறிக்கையிற் கண்டவை. சிறு தொகையினவாய் இருக்குங்காலமே முதலில் வருவது. அது எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதைப் பாவனை சொல்லாது.

இனி நம் தாளுக்குத் திரும்புவோம். இதுவரை நாம் பகடையைப் பற்றியே பேசினோம். கொட்டைகளின் தொகையைப் பற்றிப் பேசவில்லை. எல்லாக் கொட்டைகளையும் வெளுப்பாக்கிப் பகடையை எறிந்துவிட்டு, 30 கட்டத்தில் 10-க்குப் பதிலாக 15 கொட்டைகளை வைத்து ஆடுக. வெறுங்கட்டங்கள் 15 மட்டுமே, கொட்டைக்கு ஒன்று. தயக்கமே இல்லாதபோதும் ஒவ்வொன்றும் முறைக்கு ஒரு கட்டமே நகரும், வேகம் பாதியாயிற்று. மொத்த நகர்ச்சியும் 20-லிருந்து 15-ஆகக் குறைந்தது. யந்திரத்தின் மதிநுட்பம் முழுவதும் இருந்தும் பயனில்லை. எனவே, சாரதியில்லா வண்டிகள் வந்தபின் சாலையில் எத்தனை கொட்டைகள் இருக்கும் என்பதே மூல வினா. இவ்வினாவுக்கு விடையை மேற்சொன்ன பாவனைகள் தருவதில்லை. ஆட்டம் தொடங்குமுன் நாம் எண்ணி வைத்த தொகையையே அவை கொள்கின்றன.

பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் சங்கத்தைச் சார்ந்த பன்னாட்டுப் போக்குவரத்து மன்றத்தார் இதனை உணர்ந்து, 2015-இல் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரத்தை எடுத்து வேறுவகையிற் கணித்தனர். மக்களின் பிரயாணங்களை அவ்வாறே வைத்துக்கொண்டு, சொந்த வண்டிகளுக்குப் பதிலாகச் சாரதியில்லாப் பொது வண்டிகளைப் பாவனையில் ஓடவிட்டனர். பலர் ஒரே வண்டியிற் சேர்ந்து ஏறவும், சுரங்க இரயில் தொடர்ந்து ஓடவும் செய்தால், நகரிலுள்ள பத்து வண்டிகளில் ஒன்பது வேண்டுவதில்லை என்பது விடை. பத்தில் ஒன்பதைக் கேட்டு மகிழுமுன் அடுத்த எண்ணையும் கேட்க. எஞ்சிய வண்டிகள் ஓடும் மொத்தத் தூரம் குறையவில்லை. 100-க்கு 6 கூடிற்று. ஒருவர் ஏறியதில் மற்றவர் ஏறாமல் தனித்தனியே செல்ல, இரயிலும் இல்லையாயின், தூரம் 100-க்கு 89 கூடிற்று. சாலையை அடைப்பது வண்டி நிற்குந் தொகையன்று, ஓடுந் தொகையே. அதே யந்திரம், அதே நகரம்; மக்கள் சேர்ந்து ஏறுவார்களா, இரயில் இருக்குமா என்னும் இரண்டே அனுமானங்களில் விடை இத்துணை வேறுபட்டது.

மக்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பகடையால் அறிய இயலாது. ஆதலின் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி பல்கலைக் கழகத்தார் ஒரு சாமர்த்தியமான வழியைக் கண்டனர். 2018-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியில், 13 பேருக்கு ஒரு வாரத்தில் 60 மணி நேரம் கூலியில்லாச் சாரதி ஒருவரை அமர்த்திக் கொடுத்தனர். சாரதியில்லா வண்டியின் பாவனைக்காகச் சாரதியையே வைத்தமை நகைப்புக்கிடமாயினும், எண்ணம் மிகத் தெளிவானது. வண்டி தானே ஓடுமாயின் ஒருவர் எவ்வாறு நடந்துகொள்வாரோ, அவ்வாறே அவர் அவ்வாரத்தில் நடந்துகொள்வார் அல்லவா? அவர்களுடைய வண்டிகள் ஓடிய தூரம் 100-க்கு 83 உயர்ந்தது. உரியவர் ஏறாமலே வண்டியை மட்டும் வேலையாக அனுப்பிய பிரயாணங்களும் அதில் அடங்கும். பதின்மூவர் சிறு தொகைதான். ஒரு வாரமும் சிறு காலந்தான். எனினும் எண் செல்லுந் திசையை அசட்டை செய்யலாகாது.

வெற்று வண்டியைப் பற்றி மற்றொரு பாவனை இன்னும் கூர்மையாகச் சொல்லிற்று. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரின் நடுவில் வண்டியை நிறுத்தி வைக்கக் கட்டணம் மிகுதி. தானே ஓடும் வண்டிக்கோ நிற்கவேண்டிய அவசியமே இல்லை. உரியவர் வேலை முடித்து வரும்வரை தெருக்களையே சுற்றிக்கொண்டிருக்கலாம். எவ்வளவு மெதுவாகச் சுற்றுகின்றதோ அவ்வளவு செலவு குறைவாதலால், அது நெரிசலான தெருவையே தேடிச் செல்லும். இத்தகைய 2000 வண்டிகளே நகர் நடுப்பகுதியின் வேகத்தை மணிக்கு 2 மைலுக்குங் கீழே தாழ்த்திவிடும் என்று ஆடம் மில்லார்ட்-பால் என்பார் 2019-இல் கணித்துக் காட்டினார். அஃதாவது, நடந்து செல்பவர் அவ்வண்டிகளை எளிதில் முந்துவார். இங்கே எந்த யந்திரமும் பிழை செய்யவில்லை. ஒவ்வொன்றும் தன் உரியவர்க்குக் குறைந்த செலவையே தேடிற்று. சாலையில் ஓடுதற்கும் ஒரு கட்டணம் விதித்தால் இக்கணக்கே மாறும் என்பது அவ்வாசிரியர் கருத்து. அது எமக்கும் உடன்பாடே. அவ்விதியை எழுத வேண்டியவர் யந்திரஞ் செய்வோர் அல்லர், நகர சபையார்.

இறுதியாக, நமது நாட்டிலே இவ்வாட்டத்தை ஆட விரும்பும் மாணவர்க்கு ஒரு சொல். மேற்கூறிய முறைகள் யாவும் வண்டிகள் தத்தம் தடத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் என்று வைத்துக்கொள்வன. சென்னைச் சாலையில் பேருந்து, மகிழுந்து, ஆட்டோ, மிதிவண்டி யாவும் தடமின்றிக் கலந்து செல்லும். ஒரு மோட்டார் சைக்கிள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றதெனச் சொல்லவே இயலாது. இதனைக் கண்டு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த தமிழ் அரசன், கோஷி ஆகிய இருவரும் 2005-இல் வெளியிட்ட முறையில், தடங்களை அறவே நீக்கிச் சாலையின் முழு அகலத்தையும் ஒரே வெளியாகக் கொண்டனர். ஒவ்வொரு வண்டியும் அதனதன் நீள அகலமுள்ள ஒரு செவ்வகமாக அவ்வெளியில் இடம்பெறும். தாளில் ஆடுவோர் இவ்வாறு செய்யலாம். வட்டத்தை மூன்று கட்ட அகலமுள்ளதாக வரைக. பேருந்துக்கு இரண்டு கட்ட அகலமும் மூன்று கட்ட நீளமுமுள்ள அட்டைத் துண்டும், மகிழுந்துக்குப் புளியங்கொட்டையும், மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கட்டத்தில் இரண்டு அடங்கத்தக்க குன்றிமணியும் கொள்க. குன்றிமணி பக்கத்துக் கட்டத்தில் வெளி கண்டால் அதற்குள் நுழையலாம் என்று ஒரு விதி சேர்க்க. பின்னர் வெள்ளைக் கொட்டையை அதன் ஐந்து கட்ட வெளியோடு நடுவே வைத்து, அவ்வெளி எத்தனை முறைக்குள் நிரம்புகின்றது என்பதை எண்ணிக் குறித்துக்கொள்க.